இயல் 6: பேனாவில் ஷேடிங் – டோன், வடிவம், மேற்பரப்பு

பென்சிலை அழுத்தினால் கறுக்கும், தளர்த்தினால் வெளுக்கும். பேனாவில் அந்தச் சலுகை கிடையாது. மை ஒரே கறுப்புதான். படத்தில் சாம்பலாகத் தெரிவதெல்லாம் கோடுகளுக்கு நடுவே நீங்கள் விட்டுவைத்த காகிதத்தின் வெள்ளை. எங்கே எவ்வளவு வெள்ளை விடுவது என்பதுதான் இந்த இயல் முழுக்க நாம் பழகப்போகும் கணக்கு. இன்னொரு கோடு எப்போது வேண்டுமானாலும் போட்டுக்கொள்ளலாம். போட்டதை எடுக்க வழியில்லை.

வேலையின் வரிசையையும் இப்போதே சொல்லிவிடுகிறேன்: முதலில் டோன், அதாவது எந்த இடம் எவ்வளவு கறுப்பு என்பது. அடுத்து வடிவம். கடைசியில்தான் மேற்பரப்பு, அதாவது சொரசொரப்பா, வழவழப்பா என்பது. பழகுபவர்களில் பெரும்பாலோர் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள். தேங்காய் வரையச் சொன்னால் எடுத்த எடுப்பில் நாரை இழுக்கத் தொடங்குவார்கள். முடித்துப் பார்த்தால் நார் இருக்கும், உருண்டை இருக்காது.

தேவையானவை

பேனா: நிறமி மை நிரப்பிய, நார்முனை வரைபேனாக்கள் இரண்டு போதும். சகுரா பிக்மா மைக்ரான் வகையில் 01, 05 என இரண்டு அளவு வாங்கலாம். மேலே போட்டிருக்கும் எண் மில்லிமீட்டர் கணக்கல்ல என்பதைக் கவனியுங்கள். 01 பேனாவின் கோடு சுமார் 0.25 மி.மீ., 05இன் கோடு சுமார் 0.45 மி.மீ. கை அழுத்தத்தையும் காகிதத்தையும் பொறுத்துக் கொஞ்சம் கூடும், குறையும்.

பயிற்சிக்கு சாதாரண பால்பாயின்ட் பேனாவே போதும் என்பேன். லேசாகப் பிடித்தால் வெளிறிய கோடும் தரும், அந்த வகையில் பென்சிலுக்குக் கொஞ்சம் உறவு. ஆனால் நுனியில் மை திரண்டு திடீரென்று ஒரு பொட்டு வைத்துவிடும். பக்கத்தில் ஒரு துணியோ டிஷ்யூவோ வைத்து அடிக்கடி துடைத்துக்கொள்ளுங்கள். மாட்டிவைக்கப்போகும் படத்துக்கு பால்பாயின்ட் வேண்டாம். வெயில் படும் சுவரில் அதன் மை நாளடைவில் வெளுத்துவிடும்.

காகிதம்: 150 முதல் 200 ஜி.எஸ்.எம். கார்ட்ரிட்ஜ் தாள். ஜெராக்ஸ் தாளில் மை ஊறி, மெல்லிய கோடு தடித்துப்போகும். கடையிலேயே தாளின் மூலையில் ஒரு கோடு போட்டுப் பார்க்க அனுமதி கேளுங்கள். கோட்டின் ஓரம் பிசிறடித்தால் அந்தத் தாள் நமக்கு ஆகாது.

இவற்றோடு ஒரு எச்.பி. பென்சில், மிருதுவான அழிப்பான், கைக்கு அடியில் வைக்க ஒரு துண்டுக் காகிதம்.

தொடங்கும் முன் பாதுகாப்பு

- தொட்டெழுதும் நிப் பேனா பயன்படுத்தினால் அதன் நுனி ஊசிதான். சின்னக் குழந்தைகள் உள்ள வீட்டில் மேஜைமேல் விட்டுவிட்டு எழுந்து போகாதீர்கள். புது நிப்பின் எண்ணெய்ப் பூச்சை நாக்கில் வைத்து எடுக்கும் பழக்கம் சிலருக்கு உண்டு. சோப்புத் தண்ணீரில் கழுவித் துடைத்தாலே போதும்.
- இந்தியன் இங்க்கை ஃபவுன்டன் பேனாவில் நிரப்பாதீர்கள். உள்ளே காய்ந்து இறுகினால் பேனா போனதுதான். துணியில் பட்டால் கறையும் போகாது. குப்பியை மேஜை ஓரத்தில் வைக்காமல் ஒரு கனமான கிண்ணத்துக்குள் இறக்கி வையுங்கள்.
- வலது கைக்காரருக்கு இடப்பக்கமிருந்து, இடது கைக்காரருக்கு வலப்பக்கமிருந்து வெளிச்சம் வரவேண்டும். இல்லையென்றால் உங்கள் கையின் நிழலிலேயே வரைந்துகொண்டிருப்பீர்கள்.
- அரை மணிக்கு ஒருமுறை எழுந்து கை, கழுத்து இரண்டையும் தளர்த்துங்கள். மணிக்கட்டில் வலி தொடங்கினால் அன்றைக்கு அத்தோடு போதும்.

முதல் பயிற்சி: ஐந்து கட்டங்கள்

1. பென்சிலால் 2 செ.மீ. அளவில் ஐந்து சதுரங்களை வரிசையாகப் போடுங்கள்.
2. முதல் சதுரத்தைத் தொடாதீர்கள். அது காகிதத்தின் வெள்ளை.
3. கடைசிச் சதுரத்தை, நான்கு திசைகளிலும் மாறி மாறிக் கோடிட்டு, வெள்ளையே தெரியாதபடி மூடுங்கள்.
4. இரண்டாவதில் 01 பேனாவால் விலகலான இணைகோடுகள் போடுங்கள். கோடுகளுக்கிடையே ஏறக்குறைய 1 மி.மீ.
5. நான்காவதில் மூன்று அடுக்கு. ஒவ்வொரு அடுக்கும் வேறு சாய்வு.
6. நடுச் சதுரத்தைக் கடைசியில் செய்யுங்கள். இரண்டு பக்கமும் பார்த்து, சரி நடுவாகத் தெரியும்வரை கோடு சேர்த்துக்கொண்டே போங்கள்.

ஆறாவது படியில்தான் பலரும் ஏமாறுவார்கள். காகிதத்தில் பாதியை மை மூடினால் பாதிக் கறுப்பு வந்துவிடும் என்று தோன்றும். வராது. கண்ணுக்கு அது இன்னும் வெளிறியதாகத்தான் தெரியும். போட்டோகிராபர்கள் வெளிச்சம் அளக்க வைத்திருக்கும் சாம்பல் அட்டையைப் பார்த்திருப்பீர்கள். அதன்மேல் விழும் ஒளியில் 18 சதவீதத்தைத்தான் அது திருப்பி அனுப்புகிறது. நம் கண்ணோ அதைத்தான் நடுச்சாம்பல் என்கிறது. ஆகவே நடு டோனுக்கு நீங்கள் நினைப்பதைவிட நிறைய மை வேண்டும். புதியவர்களின் பேனாப் படங்கள் சோகை பிடித்தவைபோல் வெளுத்திருப்பதற்குப் பெரும்பாலும் இதுதான் காரணம்.

சரிபார்க்க: தாளை எதிர்ச்சுவரில் சாய்த்து வைத்து, நாலடி தள்ளி நின்று கண்ணைப் பாதி மூடிப் பாருங்கள். கோடுகள் மறைந்து ஐந்து படிகள் மட்டும் தெரியவேண்டும். பக்கத்துப் பக்கத்து இரண்டு சதுரங்கள் ஒன்றாகத் தெரிந்தால், அவற்றில் கறுத்ததற்கு இன்னொரு அடுக்கு கொடுங்கள்.

கோடு போடும் முறைகள்

*இணைகோடு.* ஹாட்சிங் என்பார்கள். உங்கள் கைக்கு எந்தத் திசை இயல்பாக வருகிறதோ அந்தத் திசையிலேயே இழுங்கள். வேறு சாய்வு வேண்டுமென்றால் கையை முறுக்காமல் தாளைத் திருப்புங்கள். கோட்டின் முடிவில் பேனாவை நிறுத்திவிட்டுத் தூக்கினால் அங்கே ஒரு பொட்டு விழும்; தூக்குவதற்குள் அடுத்த கோட்டுக்கு அவசரப்பட்டால் கொக்கி விழும். நகர்ந்துகொண்டிருக்கும்போதே பேனாவை எடுத்துவிடுங்கள்.

பெரிய இடத்தை ஒரே நீளக் கோட்டால் நிரப்ப முடியாது, துண்டு துண்டாகத்தான் போடவேண்டும். அப்போது எல்லாக் கோடுகளும் ஒரே இடத்தில் முடிந்து, ஒரே இடத்தில் அடுத்தவை தொடங்கினால், படத்தின் குறுக்கே தையல் போட்டதுபோல் ஒரு கறுப்பு வரி தெரியும். முனைகளை முன்னும் பின்னுமாக விடுங்கள்.

*குறுக்குக்கோடு.* முதல் அடுக்கின் மேல் இன்னொரு சாய்வில் அடுத்த அடுக்கு. 90 டிகிரியில் வெட்டினால் நிழலுக்குப் பதில் கட்டம் கட்டமாகத்தான் கண்ணில் படும். 20 அல்லது 30 டிகிரி சாய்வில் வெட்டுங்கள், டோன் மிருதுவாக இருக்கும். முதல் அடுக்கு காய்ந்தபிறகே இரண்டாவது. ஐப்பசி மழைக்காலத்தில் காற்று ஈரமாக இருக்கும், இன்னும் கொஞ்சம் பொறுங்கள்.

*புள்ளி.* பேனாவைச் செங்குத்தாகப் பிடித்து, தாளைத் தொட்டு எடுக்கவேண்டும். குத்தினால் நார்முனை நசுங்கி, 01 பேனா 05 ஆகிவிடும். இழுத்துக்கொண்டே எடுத்தால் புள்ளிக்கு வால் முளைக்கும். வரிசை கட்டாமல் கலைந்து விழட்டும். நேரம் பிடிக்கும் வேலை இது. கைக்குட்டை அளவுப் படத்தை முழுக்கப் புள்ளியால் நிரப்பக் கிளம்புவது புதியவருக்கு நான் சிபாரிசு செய்யாத விஷப்பரீட்சை. தீப்பெட்டி அளவில் தொடங்குங்கள். அமெரிக்காவின் வால் ஸ்ட்ரீட் ஜர்னல் நாளிதழில் 1979 முதல் வரும் சிறிய முகப்படங்கள் புள்ளியாலும் சின்னக் கோடுகளாலும் ஆனவை. கெவின் ஸ்ப்ரௌல்ஸ் என்ற ஓவியர் தொடங்கிவைத்த பாணி அது. புள்ளிகள் முகத்தின் வளைவோடு எப்படிப் போகின்றன என்று கவனிக்க நல்ல உதாரணம்.

*கிறுக்கல்.* பேனாவை எடுக்காமல் சுற்றிச் சுற்றிப் போவது. புளியமரம், வேலிப்புதர், சுருள்முடி ஆகியவற்றுக்கு நன்றாக வரும். பழகுவது சுலபம் என்பதால் எல்லாவற்றுக்கும் இதையே பிடித்துக்கொள்ளும் ஆபத்து உண்டு.

டம்ளரும் ரப்பர் பேண்டும்

கோட்டின் திசை வடிவத்தைச் சொல்லும். நேர்கோட்டால் நிரப்பினால் உருளையும் தட்டையாகிவிடும். வடிவத்தோடு சேர்ந்து வளையும் கோடு அதே டோனில் உருட்டிக் காட்டும். இதைப் படித்துப் புரிந்துகொள்வதைவிட ஒரு டம்ளரை எடுத்துப் பார்த்துவிடலாம்.

1. எவர்சில்வர் டம்ளரின் மேலே, நடுவில், கீழே என்று மூன்று ரப்பர் பேண்டுகளை மாட்டுங்கள்.
2. மேஜைமேல் வைத்து, உட்கார்ந்தபடி மேலிருந்து பாருங்கள். மூன்றும் கீழ்நோக்கிக் குழிந்து தெரியும். அடியில் இருப்பதன் வளைவு அதிகம், மேலே இருப்பதன் வளைவு குறைவு.
3. டம்ளரை உயர்த்தி, நடு ரப்பர் பேண்டைக் கண்மட்டத்துக்குக் கொண்டுவாருங்கள். அது நேர்கோடாகிவிடும். மேலே உள்ளது இப்போது மேல்நோக்கி வளைந்திருக்கும்.
4. டம்ளரைத் திரும்ப மேஜையில் வைத்து, பென்சிலில் அந்த மூன்று வளைவுகளையும் போட்டுக்கொண்டு, நடுவில் வரும் பேனாக் கோடுகளை அவற்றைப் பார்த்தே வளையுங்கள்.

வழக்கமான தவறு: மேலிருந்து கீழ்வரை ஒரே வளைவைப் பிரதியெடுப்பது. அப்படிச் செய்தால் அடிப்பாகம் மேஜையில் உட்காராமல் அந்தரத்தில் நிற்கும்.

உருண்டைக்கு ஒரு முட்டை

முதன்முதலாக உருண்டை வடிவம் பழக வெள்ளை முட்டையைவிட நல்ல மாடல் கிடையாது. சொந்த நிறம் இல்லை, பளபளப்பும் இல்லை. தெரிவதெல்லாம் ஒளியும் நிழலும் மட்டுமே. ஒரு வெள்ளைத் தாளின்மேல் வைத்து, அறை விளக்கை அணைத்துவிட்டு, இடப்பக்கம் மேலே ஒரே ஒரு மேஜைவிளக்கை மட்டும் வையுங்கள். இரண்டு விளக்கு இருந்தால் நிழலும் இரண்டாகிக் குழப்பும்.

1. பென்சிலால் வெளிவடிவத்தை மிக லேசாகப் போடுங்கள். இதைப் பேனாவால் சுற்றி வரையாதீர்கள். ஒளிபடும் பக்கத்தில் ஓரக்கோடு இருக்கக்கூடாது.
2. கண்ணைப் பாதி மூடி, ஒளிப்பக்கமும் நிழல்பக்கமும் சந்திக்கும் எல்லையைப் பிடியுங்கள். அதையும் பென்சிலால் குறித்துக்கொள்ளுங்கள். நிழல்பக்கம் முழுக்க, எல்லையைத் தாண்டாமல், ஓர் அடுக்கு இணைகோடு.
3. விழுநிழலுக்கு அதே சாய்வில் ஓர் அடுக்கு. இப்போதே முட்டை உட்கார்ந்துவிட்டதுபோல் தோன்றும்.
4. எல்லையை ஒட்டி உள்ளே, நிழலிலேயே மிகக் கறுத்த ஒரு பட்டை தெரியும். அங்கே இரண்டாவது அடுக்கை, முட்டையின் வளைவோடு போகும் கோடுகளால் கொடுங்கள்.
5. அந்தப் பட்டைக்கும் வலது ஓரத்துக்கும் நடுவே கொஞ்சம் வெளிறிய இடம் இருக்கும். கீழே விரித்த தாளில் பட்டுத் திரும்பும் ஒளி அது. அந்த இடத்தை முதல் அடுக்கோடு விட்டுவிடுங்கள்.
6. எல்லையிலிருந்து ஒளிப்பக்கம் நோக்கி 01 பேனாவால் சிறு கோடுகள். போகப் போக விலகி, குறுகி, புள்ளியாகி மறையட்டும்.
7. முட்டை தாளைத் தொடும் இடத்தில் மட்டும் 05 பேனாவால் முழுக்கறுப்பாக ஒரு மெல்லிய வரி. விழுநிழல் முட்டையைவிட்டு விலக விலக அதன் ஓரம் மங்கவேண்டும்.
8. மை நன்றாகக் காய்ந்தபிறகு பென்சில் கோடுகளை அழியுங்கள்.

ஐந்தாவது படியில் ஒரு பொறி இருக்கிறது. அந்தத் திரும்பிய ஒளியைக் கண்டுபிடித்த உற்சாகத்தில் அதை வெள்ளையாகவே விட்டுவிடுவார்கள். நிழலுக்குள் இருக்கும் எதுவும் ஒளிப்பக்கத்தின் மிக மங்கலான இடத்தைவிட வெளுத்திருக்கக் கூடாது. சந்தேகம் வந்தால் செல்போனில் கறுப்பு-வெள்ளையில் ஒரு படம் எடுத்து, ஓவியத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

மேற்பரப்பு: தேங்காய், செம்பு, கருங்கல்

மேற்பரப்பின் நுணுக்கத்தை எங்கே காட்டுவது? நேராக ஒளி விழும் இடத்தில் சொரசொரப்பு வெளிச்சத்தில் கரைந்துவிடும், ஆழ்ந்த நிழலில் கறுப்பில் மூழ்கிவிடும். அது நன்றாகத் தெரிவது ஒளியும் நிழலும் சந்திக்கும் அந்த எல்லையில்தான். ஒவ்வொரு மேடும் தனக்கென ஒரு குட்டி நிழலை வீசுவது அங்கே. ஆகவே நாரையும் துளையையும் அங்கே தாராளமாக வரையுங்கள், மற்ற இடங்களில் அங்கங்கே ஜாடை காட்டினால் போதும்.

*உரித்த தேங்காய்.* முட்டையின் படிகளை அப்படியே செய்து, முதலில் உருண்டையை நிறுத்துங்கள். தேங்காயின் சொந்த நிறமே கருமை என்பதால் ஒளிப்பக்கத்துக்கும் ஓர் அடுக்கு வேண்டும். பிறகு நார். குடுமியிலிருந்து அடிநோக்கி, உருண்டையின் வளைவோடு போகும் நீளக் கோடுகள். சில கோடுகளை நடுவில் அறுத்து, இரண்டு மூன்றை மட்டும் வெளிவடிவத்தைத் தாண்டி நீட்டிவிடுங்கள். ஓரம் பிசிறடித்தாலே பார்ப்பவர் மீதியை ஊகித்துக்கொள்வார். கண்கள் தெரிகிற பக்கமாக இருந்தால், அவற்றை வட்டமாகப் போடாமல், திரும்பியிருக்கும் கோணத்துக்கு ஏற்ப நீள்வட்டமாகப் போடுங்கள்.

*பித்தளைச் செம்பு.* இங்கே விதி மாறுகிறது. பளபளக்கும் உலோகத்தில் டோன் மெல்ல மெல்ல மாறாது. கறுப்புக்குப் பக்கத்திலேயே வெள்ளை, நடுவில் படிகளே இல்லாமல். ஜன்னல், மேஜையின் ஓரம், உங்கள் சட்டை எல்லாம் செம்பின் வயிற்றில் நெளிந்து தெரியும். இவற்றின் வடிவங்களைப் பென்சிலால் நிலப்படம் வரைவதுபோல் ஓரம் கட்டிக்கொள்ளுங்கள். கறுப்பு வடிவங்களை முழுசாக மூடி, வெள்ளை வடிவங்களைத் தொடாமல் விட்டு, மிச்சத்துக்கு மட்டும் நெருக்கமான இணைகோடு கொடுங்கள். கறுப்பு அடித்துவிட்டால் படம் கெட்டுவிடுமோ என்று பயந்து எல்லாவற்றையும் சாம்பலாக்கினால், செம்பு மண்பானையாகிவிடும். கழுத்து வளையத்தின் அடியில் வரும் கறுப்பு வரியைத் தவறவிடாதீர்கள். பாதிப் பளபளப்பு அதில் இருக்கிறது.

*கருங்கல்.* புள்ளியும், ஒடிந்த சிறு கோடும் கலந்து வரவேண்டும். தூணின் மூலைகளை ஸ்கேல் வைத்து வரையாதீர்கள், தேய்ந்து உடைந்த மூலைதான் கல்லைக் கல்லாகக் காட்டும். சிற்பத்தைப் பேனாவில் கொண்டுவரப் பழகுபவர்கள் ஓவியர் சில்பி ஆனந்த விகடனில் 'தென்னாட்டுச் செல்வங்கள்' தொடருக்காக வரைந்த கோயில் சிற்பங்களைத் தேடிப் பார்க்கவேண்டும். அது நூலாகவும் வந்திருக்கிறது. அடுத்த கோடிக்கு, 1969இல் காந்தி நூற்றாண்டையொட்டி கே.எம். ஆதிமூலம் வரைந்த காந்தி கோட்டோவியங்கள். பளிங்குபோன்ற நுணுக்கம் எதுவும் இல்லாமல், விடுபட்ட கோடுகளாலேயே ஆளை நிறுத்துவார். இரண்டு வகையையும் அடுத்தடுத்து வைத்துப் பார்த்தால் எது உங்கள் கைக்குச் சேரும் என்று தெரிந்துவிடும்.

வயல், புல், கூரை, வேலி எனப் பல மேற்பரப்புகள் ஒரே படத்தில் வந்தால், ஒவ்வொன்றுக்கும் ஒரு குறியை ஒதுக்கிக்கொள்வது நல்லது. வான்கோ 1888இல் பிரான்சின் ஆர்ல் பகுதியில் நாணல் பேனாவால் வரைந்த நிலக்காட்சிகளில், ஒரு வயலுக்குப் புள்ளி, அடுத்ததற்குச் சிறு கோடு, இன்னொன்றுக்குச் சுழி என்று பிரித்திருப்பதைக் காணலாம்.

பிழைத்திருத்தம்

தப்பான கோட்டை முதலில் நிழலில் கரைக்கப் பாருங்கள். பக்கத்தில் இன்னும் நாலு கோடு சேர்த்தால் பல பிழைகள் காணாமல் போகும். ஒளிப்பக்கத்தில் விழுந்துவிட்டால் வழி இரண்டு.

1. தடித்த தாளாக இருந்தால், மை நன்றாகக் காய்ந்தபின் பிளேடின் ஓரத்தைப் படுக்கவைத்து லேசாகச் சுரண்டலாம். ஒரு பக்கம் மூடிய பிளேடையோ கைப்பிடி உள்ள கட்டரையோ எடுங்கள். தாளைப் பிடிக்கும் கை எப்போதும் பிளேடுக்குப் பின்னால் இருக்கட்டும். சுரண்டிய இடத்தை நகத்தின் பின்புறத்தால் தேய்த்துவிடுங்கள். அங்கே மறுபடி கோடு போட்டால் மை ஊறும்.
2. வெள்ளை ஜெல் பேனா அல்லது வெள்ளை போஸ்டர் கலர். காகிதத்தின் வெள்ளையும் இதுவும் ஒன்றாக இருக்காது. சிறு இடத்துக்கு மட்டும்.

அச்சுக்குக் கொடுப்பதானால்

அச்சில் வரப்போகும் அளவைவிடப் பெரிதாக வரைந்து, சுருக்கிப் போடுவது பத்திரிகை ஓவியர்களின் வழக்கம். சின்னக் கை நடுக்கங்கள் சுருங்கும்போது மறையும். ஆனால் படம் பாதியாகச் சுருங்கினால் கோடுகளுக்கு நடுவே விட்ட இடைவெளியும் பாதியாகும், மலிவான தாளில் மை பரவி அந்த இடைவெளி அடைபடும். 600 டி.பி.ஐ.யில் ஸ்கேன் செய்து, அச்சாகப்போகும் அளவிலேயே ஒரு பிரதி எடுத்துப் பாருங்கள். நிழல்பக்கம் ஒரே கறுப்புக் கட்டியாகிவிட்டால், அடுத்த படத்தில் அங்கே மூன்றாவது அடுக்கு வேண்டாம், இரண்டோடு நிறுத்துங்கள். ஒளிப்பக்கத்தின் 01 கோடுகள் அறுந்து தெரிந்தால், அந்த இடத்துக்கு 03 பேனாவை எடுத்துக்கொண்டு, கோடுகளை இன்னும் கொஞ்சம் விலக்கிப் போடுங்கள்.